ஆப்டிகல் கட்சி, ஆர்சிஏ கட்சி, அத்தை கட்சி

எங்கள் வீட்டில் அரசியல் பேசி யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. ஆனால் டிவியிலிருந்து ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) எந்த ஒயரைப் போடுவது என்று தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்த சண்டை இருக்கிறதே, சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் புளோக்கில் பாதிப் பேருக்காவது கேட்டிருக்கும்.

பழைய சாமான் விற்கும் கேரோசல் ஆப்பில் யாரோ வீடு மாறும்போது விற்ற 5.1 ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கென்று தனியாக பிளக் வைத்த குண்டு சப்வூஃபர் ஒன்று. மச்சான் காரில் கொண்டுவந்து ஹாலில் இறக்கியதுமே மாமனார் கையில் ஒயரோடு வந்துவிட்டார். துறைமுகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், பிஸ்கட் டின் முழுக்க ஒயர் வைத்திருப்பவர். ஒரு முனையில் ஹெட்ஃபோன் பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ எனும் பின் இரண்டு. புது டிவிகளில் சிவப்பு வெள்ளை அவுட் எல்லாம் இப்போது அனேகமாகக் கிடையாது, எங்கள் டிவியிலும் ஹெட்ஃபோன் ஓட்டைதான் மிச்சம். அதில் சொருகினார், சத்தம் வந்தது. "வந்திருச்சுல்ல? அவ்வளவுதான் வேலை" என்று முறுக்கு எடுக்கப் போய்விட்டார்.

பாட்டு நின்றதும்தான் தெரிந்தது, பின்னாலேயே ஒரு 'ம்ம்ம்ம்ம்' ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் சாங்கி பிசினஸ் பார்க்கில் ஐடி வேலை. இந்த 'ம்ம்ம்'முக்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்தார். "அப்பா, 2019 தொடக்கத்துல சிங்கப்பூர்லயே அனலாக் ஒளிபரப்பை நிறுத்திட்டாங்க. நீங்க இன்னும் நிறுத்தல."

"ஒளிபரப்பைத்தானே நிறுத்தினாங்க, என் காதையா நிறுத்தினாங்க? ஸ்பீக்கர்லேருந்து வெளிய வர்றது கடைசியில அனலாக்தான்டா. அதை எந்தப் பெட்டி மாத்திக் கொடுக்குதுங்கறதுதான் கேள்வி."

சும்மா சொல்லக்கூடாது, மொத்த விவகாரமும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். ஹெட்ஃபோன் ஓட்டை வழியாக எடுத்தால் எண்களாக இருக்கும் டிஜிட்டலை அலையான அனலாக்காக டிவிக்குள் இருக்கும் சிப் மாற்றிக் கொடுக்கிறது, அதுவும் இடது வலது என்று ஸ்டீரியோ மட்டும்தான், பின்னால் வைத்த இரண்டு ஸ்பீக்கருக்கு ரிசீவர் தானாக எதையாவது இட்டுக்கட்டினால்தான் உண்டு. டிஜிட்டலாகவே அனுப்பினால் அந்த வேலையை ரிசீவர் செய்யும். நம்மில் பெரும்பாலானவர்கள் ரிசீவரை வாங்குவதே அதற்காகத்தான்.

மச்சான் உடனே போய் ஆப்டிகல் கேபிள் வாங்கி வந்தார். 1983இல் தோஷிபா சிடி பிளேயருக்காகக் கொண்டுவந்த விஷயம், இன்னும் ஓடுகிறது. ஆனால் கடைக்காரர் அவர் தலையில் கட்டியது முனையில் தங்க முலாம் பூசியது. மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதுல கரண்டா போகுது?" "இல்லப்பா, லைட்." "லைட்டுக்கு எதுக்குடா தங்கம்?" மச்சானிடம் பதில் இல்லை. போதாக்குறைக்கு அது டிவியில் ஏறவும் மறுத்தது. டிவி போர்ட்டே சரியில்லை என்று அவர் ஆரம்பிக்க, என் பையன் வந்து முனையில் இருந்த குட்டிக் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு மறுபடி தன் கேமுக்குப் போனான். டிவியில் ஏற்றியதும் கேபிளின் மறுமுனையிலிருந்து உள்ளங்கையில் சிவப்பாக ஒரு புள்ளி வெளிச்சம் விழுந்தது. அதை ரிசீவரில் சொருகினார், 'ம்ம்ம்' காணோம்.

மச்சான் ஜெயித்துவிட்டதாக நினைத்தார். மாமனார் விடவில்லை. ஆர்சிஏவைத் திரும்பப் போட்டு, மற்ற ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தார். பையனின் கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு வரும் எச்டிஎம்ஐயைக் கழற்றியதும் சத்தம் பட்டென்று அடங்கியது. கம்ப்யூட்டருக்கும் எர்த் உண்டு, சப்வூஃபருக்கும் எர்த் உண்டு, இரண்டும் ஹாலின் எதிரெதிர் மூலையில். எர்த்துகளுக்கு நடுவே ஒயர்கள் வழியாக ஒரு வட்டம் உண்டாகி, நம்மூர் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் பாட்டுக்கு நடுவே புகுந்துகொள்கிறது. ஆப்டிகலில் லைட் மட்டும் போவதால் அந்த வட்டம் அறுந்துவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். எர்த் பின்னையே டேப் சுற்றி மறைத்துவிடலாமே என்று மச்சான் சொல்லி முடிப்பதற்குள் மாமனார் பார்த்த பார்வை இருக்கிறதே! ஷாக் அடித்து ஆள் போவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாதாம்.

சரி, ஆப்டிகலே இருக்கட்டும் என்று முடிவானது. டிவி செட்டிங்ஸில் ஆடியோ அவுட் பிசிஎம் (டிவியே பிரித்துக் கொடுக்கும் ஸ்டீரியோ) என்று இருந்ததை பிட்ஸ்ட்ரீம் (பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) ஆக்கியதும் ரிசீவரில் டால்பி டிஜிட்டல் என்று எரிந்தது, படத்தில் மழை நிஜமாகவே முதுகுக்குப் பின்னால் பெய்தது. எல்லோரும் கைதட்டினோம்.

அன்று சாயங்காலம் அத்தை வசந்தம் சேனலில் சீரியல் போட்டார். விளம்பரம் வந்ததும் வழக்கம்போல் டிவி ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்தார். குறையவில்லை. ஆப்டிகலில் வால்யூம் ரிசீவர் கையில், டிவி ரிமோட் சொன்னால் அது கேட்காது. ரிசீவர் ரிமோட்டோ முறுக்கு டின்னுக்கு அடியில். தேடி எடுப்பதற்குள் சோப்பு விளம்பரம் கீழ்வீடு வரைக்கும் ஒலிபரப்பாகிவிட்டது. "எனக்கு டிஜிட்டலும் வேணாம், அனலாக்கும் வேணாம், ஒரே ஒரு ரிமோட் வேணும்" என்றார் அத்தை. அத்தோடு விவாதம் முடிந்தது. இரண்டு கட்சிக்கும் டெபாசிட் போச்சு.

அப்படியானால் எச்டிஎம்ஐ ஏஆர்சிதான் வழி. 2009இல் எச்டிஎம்ஐ 1.4ஓடு வந்தது. டிவியின் சத்தம் அதே ஒயரில் திரும்பி ரிசீவருக்குப் போகும், டிவி ரிமோட்டே வால்யூமையும் பார்த்துக்கொள்ளும். ஏஆர்சி என்று எழுதிய போர்ட் டிவியில் ஒன்றே ஒன்றுதான், அதில் பையனின் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. அவனை நகர்த்துவதற்கு நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுதவில்லை. (ப்ளூரே டிஸ்க்கில் படம் பார்க்கும் ஆட்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: ட்ரூஎச்டி மாதிரி சுருக்கினாலும் எதையும் இழக்காத 5.1, 7.1 சத்தமெல்லாம் ஆப்டிகலில் போகாது, சாதா ஏஆர்சியிலும் போகாது. ஒன்று ஏஆர்சியின் அடுத்த தலைமுறையான இஏஆர்சி வேண்டும், இல்லையென்றால் பிளேயரை நேராக ரிசீவரில் எச்டிஎம்ஐயில் கொடுக்க வேண்டும். சீரியலுக்கு இது எதுவும் தேவையில்லை.)

மாட்டியதும் சப்வூஃபரில் மறுபடி 'ம்ம்ம்ம்'. மாமனார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "எச்டிஎம்ஐ செம்புடா தம்பி, மறுபடி வட்டம் சேர்ந்திருச்சு. ரிசீவர்லேருந்து இந்தக் குண்டுக்குப் போற ஒயர் அனலாக்தானே, அதுல கேக்குது." எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போய் ஒரு நீள எக்ஸ்டென்ஷன் வாங்கிவந்து, கம்ப்யூட்டர், டிவி, ரிசீவர், சப்வூஃபர் நான்கையும் ஒரே இடத்தில் சொருகினார். அடங்கிவிட்டது. தங்கக் கேபிளைவிட எக்ஸ்டென்ஷன் மலிவு என்பதை மச்சானிடம் போகிறபோக்கில் ஞாபகப்படுத்தவும் தவறவில்லை.

தீபாவளி அன்று அத்தை ஒரே ரிமோட்டோடு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். சீரியலில் மருமகள் கை நடுங்கக் கடிதத்தைப் பிரிக்கிறாள். அந்த நேரம் பார்த்து மச்சான் மகன் தன் கேம் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் சொருகி ஆன் செய்தான். வால்யூமை ஒரே ரிமோட்டுக்குள் கொண்டுவந்த அதே எச்டிஎம்ஐ ஏற்பாடு, புதிதாக ஒரு பெட்டி விழித்துக்கொண்டால் டிவியை அதற்கு மாற்றிவிடும் நல்ல மனசும் கொண்டது. கடிதம் போய் ஃபுட்பால் வந்தது.

சமையலறையிலிருந்து மாமனார் குரல்: "அனலாக்ல இந்த வேலையெல்லாம் நடக்காது."

மச்சான் பேசாமல் கேம் பெட்டியின் செட்டிங்ஸைத் தேட ஆரம்பித்தார். அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் சீரியலில் 'தொடரும்' போட்டுவிட்டார்கள். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், அத்தை இன்னும் மச்சானோடு பேசவில்லை.