பாப்பாவுக்கு எம்ஆர்ஐ எடுத்த கதை

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். மடியில் இருக்கும் எந்தக் குழந்தையும் பத்தாவது வளைவுக்குள் தூங்கிவிடும். என் மகள் பாப்பாவின் முதல் எம்ஆர்ஐ கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்போது அவளுக்கு ஏழு மாதம். தலை இன்னும் நிற்கவில்லை. தலைச் சுற்றளவு 46 செ.மீ. தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் நர்ஸ் டேப்பை இரண்டு தரம் வைத்துப் பார்ப்பார். "எங்க குடும்பத்துல எல்லாருக்கும் மண்டை பெருசுங்க" என்று என் அம்மா சிரித்துச் சமாளிப்பார். ஒரு காய்ச்சல் வந்து போன பிறகு பாப்பாவின் கை முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

முதலில் ஒரு இடத்தில் சிடி ஸ்கேன் எடுத்தோம். 'மூளை சுருக்கம்' என்று ரிப்போர்ட் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சேலத்தில் குழந்தைகள் நரம்பியல் டாக்டரிடம் போனால், அவர் ரிப்போர்ட்டைப் புரட்டவே இல்லை. ஸ்கேன் படம் இருக்கும் தட்டு எங்கே என்று கேட்டு, அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "சொந்தத்துல கல்யாணமா?"

ஆமாம். நான் அக்கா மகளைக் கட்டியவன். என் அம்மா பாப்பாவுக்கு அப்பாயி, என் மனைவிக்கு அம்மாயி. எம்ஆர்ஐ எடுத்து வாருங்கள் என்றார் டாக்டர்.

ஸ்கேன் சென்டரில் நள்ளிரவுக்கு மேல் பால்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள். அப்படியே செய்தோம். தூக்க மருந்துக்குச் சீக்கிரம் அசர வேண்டுமே என்று இரவெல்லாம் அவளை விழிக்க வைத்திருந்தோம். மலை இறங்கும்போது நன்றாகத் தூங்கி எழுந்துவிட்டாள். தூக்க சிரப் கொடுத்தும் கண்ணை உருட்டிக்கொண்டு படுத்திருந்தாள். இடையில் அவசர கேஸ் ஒன்று வந்தது. மணி பதினொன்று. பாப்பா துவண்டு, வெறும் வயிற்றோடு வாந்தி எடுத்தாள். இன்னொரு நாள் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

கேட்டதும் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் மேல் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. அவர் சந்தேகப்பட்ட நோய் குளுட்டாரிக் அசிடூரியா முதல் வகை. புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சரியாக உடைக்கும் நொதி இதில் வேலை செய்யாது. சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு தன் சதையையே கரைக்கும். அதிலிருந்தும் லைசின் வரும். பாதி உடைந்து நிற்கும் அமிலம் மூளையின் நடுவே, கை கால் அசைவைக் கட்டுப்படுத்தும் இடத்தைத் தாக்கும். காய்ச்சலும் பட்டினியும்தான் இந்தப் பிள்ளைகளுக்கு எதிரி. நாங்கள் இரவெல்லாம் பட்டினி போட்டிருந்தோம்.

இரண்டாம் முறை முந்தின நாளே இறங்கி, கோரிமேட்டில் சித்தப்பா வீட்டில் தங்கினோம். இந்தத் தடவை மருத்துவமனையில் படுக்கை, மயக்க மருந்து டாக்டர், காலையில் முதல் கேஸ். தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன் நிறுத்தம். ஆனால் குளுக்கோஸ் டிரிப் நிற்கவே இல்லை. எம்ஆர்ஐ மெஷினே பெரிய காந்தம்; அதில் ஒட்டாத ஸ்டாண்டு வைத்திருந்தார்கள். அரைஞாண் கயிறு, தாயத்து, கொலுசு எல்லாம் கழற்றச் சொன்னார்கள். தாயத்துக்குள் என்ன உலோகம் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. என்னை உள்ளே நிற்க விட்டார்கள். காதில் பஞ்சு வைத்தும், அம்மாபேட்டைத் தறிக்கூடத்தில் நிற்பது போல இருந்தது. முக்கால் மணி நேரம்.

இன்னொரு வித்தியாசம், சீட்டு. முதல் தடவை 'எம்ஆர்ஐ பிரெய்ன்' என்று மட்டும் எழுதியிருந்தது. இப்போது தலை பெரிது, நெருங்கிய சொந்தம், காய்ச்சலுக்குப் பின் கை முறுக்கு, இந்த நோய் சந்தேகம் என்று நாலு வரி. கைக்குழந்தையின் மூளையில் நரம்புகளுக்கு மேலுறை முழுதாக வந்திருக்காது. அதனால் படம் பெரியவர்களுடையது போல இருக்காது, எது வயசுக்கு உரியது, எது கோளாறு என்று பிரிப்பது கஷ்டமாம். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து பார்த்தால்தான் கண்ணில் படும் என்றார் படம் பார்த்த டாக்டர். திரையில் காட்டவும் செய்தார். கன்னப்பொட்டுக்கு உள்பக்கம், மூளையின் இரண்டு ஓரத்திலும் உள்ள பிளவு அகலமாகத் திறந்து கிடந்தது, வௌவால் சிறகை விரித்த மாதிரி. சிடி ஸ்கேனில் 'சுருக்கம்' என்று வந்ததும் இதுதான். நடுவில் இரு பக்கமும் ஒரே மாதிரி லேசான வெளுப்பு. அது அந்தக் காய்ச்சல் விட்டுப்போனது. கூடவே ஸ்பெக்ட்ராஸ்கோபியும் எடுத்தார்கள். ஊசி இல்லாமலே மூளைக்குள் இருக்கும் ரசாயனங்களை அளப்பது. லாக்டேட் ஏறவில்லை என்றதும், வேறு சில நோய்கள் பின்னுக்குப் போயின.

ஆனாலும் ஸ்கேன் நோயின் பெயரைச் சொல்லிவிடாது; எங்கே தேடலாம் என்று காட்டும், அவ்வளவுதான். உறுதி செய்தது குதிகாலில் குத்தி அட்டையில் சொட்டவிட்ட ரத்தமும், சிறுநீர்ப் பரிசோதனையும். அப்புறம் ஜீன் பரிசோதனை. எங்கள் இருவரிடமும் அந்த ஜீனின் பழுதான ஒரு பிரதி இருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு இந்த நோய் வர 4-ல் 1 வாய்ப்பு.

இப்போது கார்னிடின் மருந்து, லைசின் இல்லாத பால் மாவு, அளந்து கொடுக்கும் சாப்பாடு. டயட்டீஷியன் அம்மணி சாப்பாட்டுப் பட்டியலைப் போட்டுக்கொண்டே, "உங்க ஊர்ல கவலையே இல்லை, ஜவ்வரிசி இருக்கே" என்றார். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியிலிருந்து வரும் ஜவ்வரிசியில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். சேகோ பேக்டரி வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு போன ஆள் நான்.

பாப்பாவுக்கு இரண்டு வயது. தலை நின்றுவிட்டது, பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வலது கை மட்டும் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது. காய்ச்சல் வந்தால் புரதத்தை நிறுத்தி உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொல்லும் டாக்டர் கடிதம் காரில் ஒன்று, பீரோவில் ஒன்று. ஸ்கேன் தட்டுகள் ஒரு கவரில் இருக்கின்றன. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி 101 டிகிரி அடித்தது. பிளாஸ்கில் சர்க்கரை போட்ட ஜவ்வரிசிக் கஞ்சியோடு கிளம்பினோம். ஒவ்வொரு வளைவிலும் என் மனைவி அவளுக்கு ஒரு ஸ்பூன் ஊட்டிக்கொண்டே வந்தாள்.