அப்பத்தா கேசட்: 'ஏ' பக்கம் முடிந்தது, வேகம் சொன்னது சுவர்க்கடிகாரம்

கேசட்டில் உள்ள குரலைக் கணினிக்கு மாற்றும் வேலையில், மூன்றாவது முயற்சியில் 'ஏ' பக்கம் தேறிவிட்டது. தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கிடந்த சி-60 கேசட். தொண்ணூறுகளில், டூ இன் ஒன்னின் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) உள்மைக்கை வைத்துக் கூடத்திலேயே பதிந்தது. அப்பத்தா பேசுகிறார், நடுநடுவே ஐயாவின் இருமல். இருவரும் இப்போது இல்லை என்பதால் இன்னொரு தடவை பதிய வழியில்லை. அதனால் டெக்கில் போடும் முன் முதல் வேலை, பின்பக்கக் காதுகள் இரண்டையும் உடைப்பது; அவை இல்லாவிட்டால் மேலே பதிய முடியாது. இந்த கேசட்டில் இரண்டும் முழுசாக இருந்தன. யாராவது தெரியாமல் ரெக்கார்டு பொத்தானை அமுக்கியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

பூஞ்சை, பெல்ட், ஹெட் துடைப்பு எல்லாம் வழக்கமானதுதான், விரிக்கவில்லை. இரண்டு விஷயம் மட்டும். டேப்பின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் நல்ல டெக்கில் போடாதீர்கள். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் மூன்று நாள் வைத்து, பிறகு ஐந்து திருகு உள்ள வேறொரு கூட்டுக்கு மாற்றி, முகமூடி போட்டுக்கொண்டு, மெல்லிய துணி வழியாகக் கையால் சுற்றி எடுங்கள். பழைய கூடு திருகில்லாமல் ஒட்டிய கூடாக இருந்தால் சந்தில் கத்தி விட்டுப் பிளக்கத்தான் வேண்டும். இரண்டாவது, அறுந்த இடத்தில் செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கேசட்டுக்கென்றே வரும் ஒட்டுப்பட்டைதான் சரி.

முதல் முயற்சி கெட்டது அழுத்தப் பஞ்சால். டேப்பை ஹெட்டோடு அணைத்துப் பிடிக்கும் அந்தச் சின்ன கம்பளித் துண்டு பசை காய்ந்து கழன்று, கூட்டுக்குள்ளேயே கிடந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஏறி இறங்கினால் ஹெட்டைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள். பழைய பக்திப்பாடல் கேசட்டிலிருந்து செம்புத் தகடோடு ஒன்றை எடுத்து மாட்டினதும் குரல் நேராகிவிட்டது.

இரண்டாவது முயற்சியைக் கெடுத்தது அசிமத், அதாவது டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு. பதிந்த பெட்டியின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, நம் ஹெட்டும் அதே சாய்வில் நின்றால்தான் 'ச', 'ஸ' எல்லாம் துலங்கும். டெக் எவ்வளவு உசத்தி என்பது இங்கே கணக்கே இல்லை. ஹெட்டின் ஓரத்தில் கம்பிச்சுருள் (ஸ்பிரிங்) உள்ள பக்கத்துத் திருகு அதற்குரியது. காந்தமில்லாத திருப்புளி, ஆரம்ப நிலையில் ஒரு மைக்குறி, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு திருப்பு, அதற்கு மேல் கூடாது. காதால் மட்டும் பிடிக்க முயன்றால் அரை மணியில் காது களைத்துவிடும். இதைச் செய்யுங்கள்: பதிவு மோனோ, டெக் ஸ்டீரியோ என்பதால் இடம், வலம் இரண்டிலும் ஒரே குரல் வரும். ஒன்றின் ஒலி அலையை மேல்கீழாகத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டுங்கள். சாய்வு சரியாகும்போது குரல் கிட்டத்தட்ட மறைந்துபோய் இரைச்சல் மட்டும் மிஞ்சும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தலைகீழை எடுத்துவிடுங்கள். இரண்டு தடத்துக்கும் உள்ள கால இடைவெளியை மென்பொருளில் பிறகு சரிக்கட்டலாம் என்பார்கள். இடைவெளி சரியாகும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடத்துக்குள்ளும் தொலைந்த கீச்சொலி திரும்பி வராது.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். ஒரு பக்கம் முப்பது நிமிடத்துக்கு 520 எம்பி வரும். டால்பி (டெக்கின் இரைச்சல் குறைப்பு) அணைத்தே இருக்கட்டும், டூ இன் ஒன்னில் அது இருந்திருக்காது.

இனி வேகம். மற்ற எல்லாவற்றையும் விட நேரத்தை அதிகம் தின்றது இதுதான். டெக்கை 3,150 ஹெர்ட்ஸ் சோதனை டேப் வைத்து, மோட்டாரின் பின் துளை வழியாகச் சரிசெய்தாயிற்று. அப்படியும் அப்பத்தா குரல் கொஞ்சம் இளசாக, அவசரமாகப் பேசுவதுபோல இருந்தது. பதிவில் மின் உறுமல் (கரண்டின் அதிர்வெண்ணில் கேட்கும் 'ம்ம்' ஒலி) இருந்தால் அதை 50 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டால் வேகம் சரி என்பது நமக்கெல்லாம் பாடம். அலைமாலையில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பார்த்தால் உறுமல் 50.04. அதாவது தப்பே இல்லை என்கிறது! நம் டெக்கின் உறுமலோ என்று சந்தேகம் வரும். டெக்கை பேட்டரியில் ஓட்டி, மடிக்கணினியின் சார்ஜரையும் பிடுங்கிப் பார்த்தும் அதே 50.04. ஆக டேப்பில் இருப்பதுதான்.

தப்பு பாடத்தில் இருக்கிறது. அந்தக் காலத் தென்மண்டலக் கரண்ட் 50-ல் நின்றதே இல்லை. 2003 தொடக்கத்தில் ஏபிடி என்ற, அதிர்வெண்ணை ஒட்டி விலை வைக்கும் மின் கட்டணமுறை வரும்வரை, மாலை நேரத்தில் 48-ஐ ஒட்டி இறங்குவது சாதாரணம். ஐரோப்பாக்காரர்களின் குறிப்பை வைத்துக்கொண்டு நம் ஊர் கேசட்டை அளந்தால் இப்படித்தான் ஆகும்.

அளவுகோலாக வந்தது கூடத்துச் சுவரில் இன்னும் தொங்கும் பெண்டுலம் கடிகாரம். டூ இன் ஒன்னில் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் சுற்று உண்டு. பேச்சு நின்ற உடனே அது மைக்கைத் தூக்கிவிடும், வீடு முழுக்க உள்ளே வந்துவிடும். கிணற்று ராட்டினம், கோழி, பித்தளைக் குடத்தைத் திண்ணையில் வைக்கும் சத்தம், எல்லாவற்றுக்கும் அடியில் டிக் டிக். 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டினால் கோடு கோடாகத் தெரிகிறது.

நிமிடமுள் ஒரு சுற்று வருவதற்குள் எத்தனை டிக் என்பதைப் பற்சக்கரங்கள்தான் தீர்மானிக்கின்றன. பெண்டுல நட்டை ஏற்றினாலும் இறக்கினாலும் அந்த எண் மாறாது. இந்தக் கடிகாரத்தில் 7,392. பத்து நிமிடத்துக்கு 1,232. கேசட்டில், நடுவே நிறுத்தாமல் பதிந்த பத்து நிமிடத்தில் 1,269. பதிந்த பெட்டி 3 சதவீதம் மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் இப்போது வேகமாகக் கேட்கிறது. உறுமலை இந்தக் கணக்கில் இறக்கினால் 48.6 ஹெர்ட்ஸ். அந்தக் காலத்துக் கரண்டேதான். கடிகாரம் அன்று சரியாக ஓடியதா என்று கேட்கலாம். நாளுக்கு ஐந்து நிமிடம் தப்பினாலும் பிழை 0.35 சதவீதம்தான். 3 சதவீதம் என்றால் நாளுக்கு 43 நிமிடம், அதை எந்த வீட்டிலும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வேக மாற்றம் மைனஸ் 2.916 சதவீதம். டெம்போவைத் தொடாதீர்கள், சுருதியும் சேர்ந்து இறங்க வேண்டும். இறக்கியதும் குரல் அப்பத்தாவின் வயதுக்கு ஏற்றதாகிவிட்டது.

இரைச்சல் நீக்கியைப் பற்றி ஒரு முணுமுணுப்பு. போட்டுப் பார்த்தேன், பேச்சு பளிச்சென்று வந்தது, கூடம் காணாமல் போனது. ராட்டினமும் கடிகாரமும் அதற்குக் குப்பை. மூலக் கோப்பில் கைவைக்காமல், காது மந்தமான பெரியவர்களுக்கு மட்டும் தனிப் பிரதி எடுத்து வைத்தாயிற்று.

பெல்ட் தேடுகிறவர்களுக்கு: ரிச்சி ஸ்ட்ரீட் போகும் முன் கப்பிகளைச் சுற்றி நூல் விட்டு அளந்து, அதில் 5 சதவீதம் குறைத்துக் கேளுங்கள். இளகிப்போன பழைய பெல்ட்டை மாதிரிக்குக் கொண்டுபோனால் தொளதொளவென்றுதான் வாங்கி வருவீர்கள்.

'பி' பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் டிக் சத்தமே இல்லை. எட்டு நாள் கடிகாரம், சாவி கொடுக்க மறந்த வாரம் போலிருக்கிறது. உறுமல் 50.9 காட்டுகிறது, அதை நம்புவதற்கில்லை. ஆனால் பதினோராவது நிமிடத்தில் பூசை மணி அடிக்கிறது. அதே மணி பூசை மாடத்தில் இருக்கிறது. நாக்கு மாற்றியிருந்தாலும் கவலையில்லை, சுருதி மணியின் உடம்பில் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்ததில் அது பெரிதாக மாறியிருக்காது. விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் அதே இடத்தில் அடித்துப் பதிந்து இரண்டு அலைமாலையையும் பக்கத்தில் வைத்து வேகத்தைக் கணக்கிட வேண்டும்.