அவதாரில் இல்லாத அரசு: சில நாட்குறிப்புகள்

2025 ஜூன் 3, செவ்வாய்

ஜேம்ஸ் கேமரூனின் ‘அவதார்’ 2009 டிசம்பரில் வெளியான சில வாரங்களுக்குள் அதற்குச் சொல்லப்பட்ட அரசியல் விளக்கங்களை இன்று திரட்டிப் படித்தேன். அமெரிக்க வலதுசாரி விமர்சகர்கள் அதை இராணுவத்துக்கும் முதலாளியத்துக்கும் எதிரான பரப்புரை என்றார்கள். வத்திக்கான் நாளேடு அதன் இயற்கை வழிபாட்டைக் கண்டு முகம் சுளித்தது. இடதுசாரிகளில் பலர் ஈராக் போர் மீதான கண்டனத்தை அதில் கண்டார்கள். கண்டதற்கு ஆதாரம் படத்திலேயே இருக்கிறது. பயங்கரத்தைப் பயங்கரத்தால் எதிர்கொள்வோம் என்று படத்தின் வில்லனான கூலிப்படைத் தலைவன் கர்னல் குவாரிட்ச் தன் ஆட்களிடம் முழங்கும்போது புஷ் ஆட்சிக்காலம் நினைவுக்கு வராமலிருக்காது. இத்தனை வசவுகளையும் வாங்கிய படத்தை வெளியிட்டது ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ். அதன் அன்றைய உரிமையாளர், வலதுசாரிகளின் விருப்பமான ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியையும் நடத்திய ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன். ஏகாதிபத்தியத்தைத் திட்டுவதிலும் லாபம் உண்டு என்பதை அறியாதவரல்லர் அவர்.

ஜூன் 5, வியாழன்

படத்தை மீண்டும் முழுமையாகப் பார்த்தேன். இம்முறை என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதில் இல்லாத ஒன்று: கதை நடக்கும் வேற்றுலகமான பண்டோராவில் அரசு என்பதே கிடையாது. கனிமத்தைத் தோண்ட வந்திருப்பது ஒரு நிறுவனம். அதற்குக் காவல் நிற்பவர்கள் கூலிப்படையினர். பூமியில் விடுதலைக்காகப் போரிட்ட படைவீரர்கள் இங்கே நிறுவனத்தின் பணத்துக்காகத் துப்பாக்கி தூக்குகிறார்கள் என்று முன்னாள் மரைன் வீரனான கதாநாயகன் ஜேக் சல்லி தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். ஓரிரு வரி வசனம்தான்; ஆனால் அதன் தயவில் அமெரிக்கப் பார்வையாளர் தம் நாட்டுக் கொடிக்கும் மரைன் படைக்கும் எந்தக் களங்கமும் வராமலேயே பண்டோராவின் நீலநிறப் பழங்குடிகளான நாவி மக்களுக்காகக் கண்ணீர் விட முடிகிறது. இந்த நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது யார், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த அமைச்சகத்தின் ஒப்புதலோடு என்ற கேள்விகள் படத்தில் எழுவதேயில்லை. நாவிகளின் பெருமரம் ஏவுகணைகளால் சரிந்து விழும் காட்சியின் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் நிலப்பறிப்பு பெரும்பாலும் கோப்புகளில் நடந்து முடிகிறது. ஆயுதம் கடைசியில் வருகிறது, பல இடங்களில் வரவேண்டிய தேவையே இருப்பதில்லை.

ஜூன் 6, வெள்ளி

‘வெள்ளை மீட்பர்’ என்ற குற்றச்சாட்டைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும். குற்றச்சாட்டு சரியானதே: சில மாதங்களே பழகிய வெளியாள் ஒருவன் அங்கேயே பிறந்தவர்களைவிடச் சிறந்த வீரனாகிறான். ஆயினும் ஜேக்கின் போர்த்திட்டம் தோற்றுப்போகிறது என்பதையும், இறுதியில் குவாரிட்சைக் கொல்வது நாவிப் பெண்ணான நெய்த்திரியின் அம்புகள் என்பதையும் விமர்சகர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஜூன் 9, திங்கள்

ஒடிசாவின் நியம்கிரி மலையில் வாழும் டோங்ரியா கோந்த் மக்களுக்காகப் பழங்குடி உரிமை அமைப்பான சர்வைவல் இன்டர்நேஷனல் 2010 பிப்ரவரியில் ஹாலிவுட் திரைத்துறை இதழான ‘வெரைட்டி’யில் விளம்பரம் கொடுத்து, கேமரூனின் உதவியைக் கேட்டது. வேதாந்தா நிறுவனத்தின் லாஞ்சிகர் ஆலைக்காக, நியம் ராஜா குடியிருப்பதாக அவர்கள் வழிபடும் மலையிலிருந்து அலுமினியத் தாதுவான பாக்சைட் வெட்டி எடுப்பதே திட்டம். புனிதத் தலம், அதனடியில் தாது, வாயிலில் நிறுவனம் என்று ஒப்புமை அச்சாகப் பொருந்துகிறது. கற்பனைப் பழங்குடிகளுக்காக உருகும் பார்வையாளர் உண்மைப் போராட்டத்தைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்வார் என்று அதே ஆண்டில் மெய்யியலாளர் ஸ்லாவோய் ஜிஜெக் எழுதியதும் இந்த மக்களை மனத்தில் வைத்துத்தான்.

ஒப்புமை பொருந்தாத இடமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2010 ஆகஸ்டில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைச் சுட்டி, அந்த மக்களின் சமய உரிமைகள் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக அமர்ந்திருக்க, 12 கிராமங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கத்தை நிராகரித்தன. பல ஆண்டுப் போராட்டமும், போராடித்தான் பெறப்பட்ட ஒரு சட்டமும், தீர்மானப் புத்தகத்தில் வைத்த கைரேகைகளும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. அனுமதி கொடுக்கவும் மறுக்கவும் அதிகாரமுள்ள அரசு ஒன்று எதிரே இருந்ததால்தான் அதை நெருக்க முடிந்தது. பண்டோராவில் அந்த வழி இல்லை. அங்கே நாவிகளைக் காக்க அவர்கள் வழிபடும் ஏய்வா தேவியின் விலங்குகள் வந்தாக வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

அரசைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இரு சான்றுகள். மேற்குக் கரையின் பிலின் கிராமத்தில், தங்கள் நிலத்தை ஊடறுத்த இஸ்ரேலியத் தடுப்பு வேலிக்கு எதிராக வாரந்தோறும் ஊர்வலம் போன பாலத்தீனர்கள், 2010 பிப்ரவரியில் உடலில் நீலம் பூசி நாவிகளாக நடந்தார்கள். படத்தின் வெற்றிடத்தில் தங்கள் எதிரியை அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். கண்ணீர்ப்புகைக் குண்டுகள் எப்போதும்போல் வந்தன.

அதே வெற்றிடம் ஆள்வோருக்கும் வசதியானது. முதலாளியத்துக்கு எதிரான, இயற்கையைக் காக்கும் போராட்டத்தின் படம் என்று ‘அவதாரை’ 2010 ஜனவரியில் புகழ்ந்தவர் பொலிவியக் குடியரசுத் தலைவர் இவோ மொராலஸ். மறு ஆண்டு டிப்னிஸ் என்ற பழங்குடி நிலத்தின் ஊடாக அவரது அரசு நெடுஞ்சாலை போட முற்பட்டபோது, அதை எதிர்த்துத் தலைநகர் நோக்கி நடந்த பழங்குடி மக்களைச் செப்டம்பர் 25 அன்று காவல்துறை அடித்துக் கலைத்தது. பாதுகாப்பு அமைச்சர் சிசிலியா சகோன் அதைக் கண்டித்துப் பதவி விலகினார். மொராலஸ் படத்தைப் பொய்யாகப் பாராட்டினார் என்று நான் கருதவில்லை. வில்லன் ஒரு நிறுவனமாக மட்டும் இருக்கும்வரை எந்த ஆட்சியாளரும் நாவிகளின் பக்கம் மனநிறைவோடு உட்காரலாம்.

ஜூன் 15, ஞாயிறு

மாறாக, கொடுங்கோல் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியைச் சொல்லும் ‘ஹங்கர் கேம்ஸ்’ படங்களில் அரசு முகத்தோடு நிற்கிறது: தலைநகரம், குடியரசுத் தலைவர், சீருடைப் படை, கட்டாய ஒளிபரப்பு எல்லாம் உண்டு. இறுதிப் பகுதியில் கிளர்ச்சிக்காரர்களின் தலைவியும் கதாநாயகி காட்னிஸின் அம்புக்கே இரையாகிறாள். கலையாக ‘அவதாரை’விட இவை சாதாரணமானவை என்பது என் எண்ணம். தாய்லாந்தில் 2014 மே மாதம் ஆட்சியைப் பிடித்த இராணுவத்துக்கு அந்த வேறுபாடு பொருட்டாகவில்லை. படத்தின் மூவிரல் வணக்கத்தைப் போராட்டக்காரர்கள் தெருவில் காட்டியபோது அது எச்சரிக்கை விடுத்தது. நவம்பரில் கோன் கேன் நகரில் பிரதமர் பிரயுத் சான்-ஓ-சாவின் முன்னே கையுயர்த்திய மாணவர்கள் ஐவரைப் பிடித்துச் சென்றது. அந்த வாரம் வெளிவரவிருந்த புதிய பாகத்தின் காட்சிகளைப் பாங்காக்கின் திரையரங்குக் குழுமம் ஒன்று ரத்து செய்தது. 2021 பிப்ரவரியில் மியான்மர் மக்களும் அதே மூன்று விரல்களைத் தங்கள் இராணுவத்துக்கு எதிராக உயர்த்தினார்கள். இராணுவ ஆட்சியை எதிர்த்து ஐ.நா. பொதுச் சபையில் பேசிய அந்நாட்டுத் தூதர் உரையை முடித்ததும் அந்த வணக்கத்தோடுதான்.