ஒற்றைப்படை எண்கள் எங்கே போயின?

மதுரையில் பிஎஸ்சி நர்சிங் முதல் வருடம். மூச்சு எண்ணக் கற்றுக்கொடுத்த மேடம் ஒன்றை விடாமல் சொல்வார்: "பல்ஸ் பார்த்து முடிச்சதும் கையை எடுத்துடாதம்மா. மணிக்கட்டைப் பிடிச்சபடியே நெஞ்சு ஏறி இறங்குறதைப் பாரு. முழு நிமிஷம் எண்ணு." எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு அதை அப்போது மறந்துவிட்டேன்.

இப்போது இங்கிலாந்தில் வார்டு வேலை. கூடவே பகுதிநேரமாக ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ் முதுகலை, அதாவது மருத்துவத் தரவுகளைக் கணினியில் கையாளும் படிப்பு. வகுப்பில் பாதிப் பேர் சாஃப்ட்வேரிலிருந்து வந்தவர்கள். தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் என்றாலே எனக்கு வயிற்றைப் பிசையும். ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ பற்றிய பாடத்தில்தான் பயம் கொஞ்சம் விலகியது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம், அதனால் எண்ணைப் பார் என்றார் ஆசிரியர். மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் கைப்பட்டையில் பெயர், பிறந்த தேதி, எண் என்று தினமும் நான் சரிபார்ப்பது இதைத்தானே!

அப்புறம் ஒரு நாள் பயிற்சிக்காகப் பெரிய அட்டவணை ஒன்று கொடுத்தார்கள். பெயர் நீக்கிய வார்டுக் குறிப்புகள். மூச்சு எண்ணிக்கையை வரைபடமாகப் போட்டோம். விடுபட்டது எதுவும் இல்லை, நடக்க முடியாத எண்ணும் இல்லை, சுத்தமான தரவு என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. 16, 18, 20 மூன்றும் கோபுரம் மாதிரி நின்றன. 17, 19, 21 இருந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நோயாளிகள் இரட்டைப்படையில் மட்டுமா மூச்சு விடுவார்கள்? அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் இப்படித்தான் வரும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் இன்னும் மோசம்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க இங்கே நியூஸ் (NEWS) என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு. ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்றால் பூஜ்யம், 21 முதல் 24 வரை 2, 25 அல்லது அதற்கு மேல் என்றால் 3. பல்ஸ், ரத்த அழுத்தம் போன்ற மற்றவற்றின் மதிப்பெண்களையும் கூட்டி மொத்தம் 5 வந்தால் அவசரமாகப் பார்க்க வேண்டும். 7 வந்தால் அவசரக் குழுவே வர வேண்டும். கால் நிமிடத்தில் ஐந்து மூச்சு என்றால் 20, ஆறு என்றால் 24. ஒரே ஒரு மூச்சைத் தவறவிட்டால் இரண்டு மதிப்பெண் குறைந்துவிடுகிறது. உடல்நிலை மோசமாவதை மூச்சுதான் பல நேரம் முதலில் காட்டும்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். சில நைட் டியூட்டிகளில் எண்ணாமலேயே 18 என்று போட்டிருக்கிறேன். வகுப்பில் அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் வரைபடத்தை விளக்கினேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள்.

புரோகிராம் எழுதும் வேகத்தில் சாஃப்ட்வேரிலிருந்து வந்தவர்களை நான் எட்ட மாட்டேன். ஆனால் ஓர் எண்ணைப் பார்த்ததும் அதை எழுதியவர் எத்தனை பெட்டுக்கு நடுவே நின்றிருப்பார், விடியற்காலை நாலு மணிக்குக் கால் எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் இதுவும் ஓர் அறிவு என்று நம்பத் தொடங்கினேன்.

என் புராஜெக்ட் இதை வைத்துத்தான். பல்ஸ், மூச்சு போன்ற வைட்டல்ஸ் பதிவுசெய்யும் டேப்லெட் திரையில் மூச்சுக் கட்டத்தைத் தொட்டதும் 60 விநாடி ஓடும் கடிகாரம். அது வந்த பிறகு ஒற்றைப்படை எண்கள் பாதியை நெருங்குகின்றனவா என்று பார்க்கப் போகிறேன்.

நேற்று இரவு ஜன்னலோரப் பெட்டில் ஒரு பாட்டி. மணிக்கட்டைப் பிடித்தபடியே முழு நிமிடம் எண்ணினேன். 23.