நூலும் ஆசிரியரும்: பட்டியலை விட்டுத் தொடர்புகளைப் பற்றிப் படித்த முறை

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளின் பொதுத்தமிழுக்கும் தமிழ்ப் பாடத்தில் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் அடுத்தடுத்துப் படித்தவன் என்ற முறையில், நூல்களையும் அவற்றோடு தொடர்புடைய சான்றோர்களையும் எப்படி நினைவில் நிறுத்துவது என்பது பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். இலக்கணம், மொழிபெயர்ப்பு முதலிய பகுதிகளுக்கு வேறு வழிகள் உண்டு. இந்தப் பகுதிக்குப் பெரும்பாலோர் கையில் இருப்பது இடப்பக்கம் நூற்பெயர், வலப்பக்கம் ஆசிரியர் பெயர் என்று அச்சிட்ட நீண்ட பட்டியல்தான். நேரடியாக ஒரே பெயரைக் கேட்கும் வினாவுக்கு அது போதும். பொருத்துக, கூற்று–காரணம், காலவரிசைப்படுத்துக என்று வினா திரும்பியதும் பட்டியலால் பயனில்லாமல் போகிறது. ஏனெனில் ஒருவருக்கும் ஒரு நூலுக்கும் உள்ள உறவு என்ன, அவர் யாரிடம் பயின்றார், யாருடைய காலத்தவர் என்பன அதில் இல்லை.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, பழந்தமிழ் நூல் ஒன்றுக்கு ஒரே ஒரு பெயர் உரியதன்று என்பதே. இயற்றியவர், தொகுத்தவர், தொகுப்பித்தவர், உரை எழுதியவர், பதிப்பித்தவர் என ஐந்து நிலைகளில் ஐந்து பெயர்கள் வரலாம். வினாத்தாள் அமைப்பவர்கள் இந்த ஐந்தையும் ஒன்றோடொன்று கலந்துதான் நான்கு விடைகளையும் அமைக்கிறார்கள். சீவக சிந்தாமணியை எடுத்துக்கொள்வோம்: இயற்றியவர் திருத்தக்கதேவர், உரை நச்சினார்க்கினியருடையது, 1887இல் பதிப்பித்தவர் உ.வே. சாமிநாதையர். அதே 1887இல் கலித்தொகை அச்சேறியது. அதைப் பதிப்பித்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை. அதற்கும் உரை நச்சினார்க்கினியர். தொகுத்தவராகச் சொல்லப்படுபவர் நல்லந்துவனார். ஒரே ஆண்டு, ஒரே உரையாசிரியர், இரண்டு பதிப்பாசிரியர்கள் என்று இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படித்துவிட்டால் எந்தக் கோணத்தில் கேட்டாலும் விடை வந்துவிடும். தாமோதரம் பிள்ளை சிந்தாமணியையும் தாமே பதிப்பிக்க விரும்பினார் என்பதையும் அறிந்திருந்தால் இருவரும் ஒரே களத்தில் உழைத்தவர்கள் என்பது மனத்தில் பதியும்.

எட்டுத்தொகை நூல்களில் தொகுத்தவருக்கும் தொகுப்பித்தவருக்கும் உள்ள வேறுபாடு கூடுதல் கவனத்திற்குரியது. தொகுத்தவர் பெரும்பாலும் புலவர். தொகுப்பித்தவர் பொருள் கொடுத்து அப்பணியைச் செய்வித்த அரசர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. வழுதி என்றால் பாண்டியன், இரும்பொறை என்றால் சேரன் என்ற அளவுக்கு வரலாறு தெரிந்திருந்தாலே பாதி விடைகளைக் கழித்துவிடலாம். கடவுள் வாழ்த்துகளைப் பொறுத்தவரை, நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, அகநானூறு, புறநானூறு ஆகிய ஐந்துக்கும் பாரதம் பாடிய பெருந்தேவனார் பாடியவை என்ற ஒரு செய்தியே போதும்.

அடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு. தேர்வர்களுக்கு அதிகக் குழப்பம் தருவதும், அதே சமயம் படிக்கப் படிக்கச் சுவை தருவதும் இக்காலமே. பெயர்கள் ஏராளம், பலருக்கும் பிள்ளை, முதலியார், ஐயர் என்ற ஈறுகள் வேறு. இங்கே நான் கையாண்ட வழி, ஆளாளாகப் படிக்காமல் ஓர் ஊரைப் பிடித்துக்கொள்வது. மாயூரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை, 1870களில் எப்படி இருந்தது என்று பாருங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கே பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1855இல் உத்தமதானபுரத்தில் பிறந்த சாமிநாதையர் 1871இல் அங்கு வந்துதான் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். அதே ஊரில் முன்சீப்பாக, அதாவது கீழமை நீதிமன்ற நீதிபதியாகப் பணியாற்றியவர் வேதநாயகம் பிள்ளை. 1859இல் நீதிநூலையும், தமிழின் முதல் நாவல் எனப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இலும் வெளியிட்டவர். மகாவித்துவான் இவர்மீது பாடிய கோவை என்னும் சிற்றிலக்கியம்தான் குளத்தூர்க் கோவை. குளத்தூர் வேதநாயகம் பிள்ளை பிறந்த ஊர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியும் அப்போது மாயூரத்தில் வாழ்ந்தவரே. அவருடைய நூலில் இலக்கண வழுக்கள் இருப்பதாகக் கருதி மகாவித்துவான் சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டி முன்னே சேர்க்கும் பாடல்) தரத் தயங்கியதும், பாரதியார் பாடக் கேட்டு உருகிப் பின்னர்த் தந்ததும் பலரும் அறிந்த செய்தி. சாமிநாதையர் கோபாலகிருஷ்ண பாரதியிடம் சிறிது காலம் இசை பயின்று, இசைப்பயிற்சி தம் ஆசிரியராகிய மகாவித்துவானுக்கு உவப்பில்லை என்று அறிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

இவ்வளவும் ஒரே ஊரின் கதை. இதை ஒருமுறை முழுமையாகப் படித்தபின், நான்கு ஆசிரியர்களும் அவர்களுடைய நூல்களும் எனக்குத் தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டியவையாக இருக்கவில்லை. சாமிநாதையர் பிற்காலத்தில் தம் ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதியதும், கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதி, மகாவைத்தியநாதையர் ஆகிய மூன்று இசைவாணர்களின் வாழ்க்கையை எழுதியதும் இதே தொடர்பில் தாமாக வந்து சேர்கின்றன. சேக்கிழார் பாடிய நந்தனார் வரலாற்றில் ஆண்டையாகிய வேதியர் இல்லை, அப்பாத்திரம் பாரதியின் படைப்பு என்ற செய்தியும் கூற்று–காரண வினாவுக்கு உதவக்கூடியது.

மாயூரத்திலிருந்து கும்பகோணத்துக்குப் போனால் கதை தொடரும். மகாவித்துவான் 1876இல் மறைந்தார். அவருடைய மற்றொரு மாணவரான தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பணியைச் சாமிநாதையருக்குக் கிடைக்கச் செய்தார். அது 1880ஆம் ஆண்டு. அவ்வாண்டிலேயே அங்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட கேள்விதான் பதிப்புப் பணிக்குத் தூண்டுகோலாயிற்று. மாயூரத்து முன்சீப்பு நாவல் எழுதியவர், கும்பகோணத்து முன்சீப்பு சிந்தாமணியைச் சுட்டிக்காட்டியவர். இருவரையும் மாற்றி எழுதும் தேர்வர்கள் நிறையப் பேர். அதன்பின் வரும் பதிப்பாண்டுகளை வரிசையாக மனத்தில் நிறுத்துங்கள்: சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. இந்த ஐந்தும் அளவுகோலாக நிற்கும்போது மற்றவற்றை இடையிடையே பொருத்துவது எளிது. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891இல் வந்தது, அதாவது சிலப்பதிகாரப் பதிப்புக்கு முந்தைய ஆண்டு. அவரும் சாமிநாதையரைப் போல 1855இல் பிறந்தவர். ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் 1893இல் விவேக சிந்தாமணி இதழில் வரத் தொடங்கியது. புறநானூற்றுப் பதிப்புக்கு முந்தைய ஆண்டு அது. இதழின் பெயரில் சிந்தாமணி இருப்பதால் காப்பியத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காப்பியங்களுக்கு உட்பிரிவுப் பெயர்களே நல்ல பிடி. சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் காதை, சிந்தாமணியில் இலம்பகம், கம்பராமாயணத்தில் படலம். வீரமாமுனிவரின் தேம்பாவணியும் உமறுப்புலவரின் சீறாப்புராணமும் மூன்று மூன்று காண்டங்கள் உடையவை என்பதால் இரண்டையும் அருகருகே எழுதிப் படிப்பது நல்லது. முன்னதில் 36 படலங்கள், 3,615 பாடல்கள், பின்னதில் 92 படலங்கள், 5,027 பாடல்கள். தேம்பாவணியின் தலைவர் இயேசு அல்லர், வளன் எனப்படும் சூசையப்பர். இதைக் கேட்காத பயிற்சி மையமே இல்லை எனலாம்.

இசைப் பகுதியைப் பலரும் கடைசி நாளுக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். பொது அறிவில் தமிழர் பண்பாடு தொடர்பான வினாக்கள் மிகுந்துவிட்ட நிலையில் அது சரியான முடிவு அன்று. இங்குள்ள முதல் சிக்கல் மூவர் என்ற தொகைப்பெயர். தேவார மூவர் வேறு. சீர்காழி மூவர் அல்லது தமிழிசை மூவர் எனப்படும் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை வேறு. திருவாரூரில் பிறந்த தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி வேறு. சீர்காழி மூவர் திருவாரூர் மூவருக்கு முற்பட்டவர்கள் என்பதே காலவரிசை வினாவுக்கு வேண்டியது. இராமநாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயர் 1779இல் மறைந்தபோது தியாகராசருக்கு வயது பன்னிரண்டு. தீட்சிதரின் மாணவர்களாகிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரை அடுத்த தலைமுறையில் வைத்துக்கொள்ளலாம்.

இசை ஆய்வுக்கு இரண்டு நூல்கள்: ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917, விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் 1947. இடையில் சரியாக முப்பது ஆண்டுகள். பண்டிதர் தஞ்சையில் சித்த மருத்துவராக வாழ்ந்து இசை மாநாடுகள் கூட்டியவர். அடிகள் கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். யாழ் நூல் வெளியான சில வாரங்களிலேயே மறைந்தார். இருவரும் சிலப்பதிகாரத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டவர்கள் என்பதால், 1892ஆம் ஆண்டுப் பதிப்பு இல்லாமல் இவ்விரு ஆய்வுகளும் இந்த வடிவில் எழுந்திருக்குமா என்று நான் எண்ணுவதுண்டு.

விருதுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புகழ்பெற்ற நூலுக்கே விருது கிடைத்தது என்று கருதுவதுதான் இங்கே விழும் பொறி. கல்கிக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 1956இல் அலை ஓசைக்கு. பொன்னியின் செல்வனுக்கு அன்று. பாரதிதாசனுக்கு 1969இல் பிசிராந்தையார் என்ற நாடகத்திற்கு. கண்ணதாசனுக்கு 1980இல் சேரமான் காதலி என்ற நாவலுக்கு. அகிலன் வேங்கையின் மைந்தனுக்குச் சாகித்திய அகாதெமியும் சித்திரப்பாவைக்கு ஞானபீடமும் பெற்றார். கவிஞர் பெயரைக் கண்டதும் கவிதை நூலைத் தேடும் பழக்கத்தை விட்டாலே இவ்வகை வினாக்களில் மதிப்பெண் இழக்க நேராது.

எவற்றைப் படிப்பது என்ற கேள்விக்கு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளித் தமிழ்ப் பாடநூல்களையே முதலில் சொல்வேன்; குறிப்பாக ஒவ்வொரு செய்யுட் பாடத்தோடும் வரும் நூல்வெளிப் பகுதியையும், பழைய புத்தகங்களில் உள்ள ஆசிரியர் குறிப்பு, நூற்குறிப்புப் பகுதிகளையும் ஒருவரி விடாமல் படிக்க வேண்டும். நெட் தேர்வுக்கு இது போதாது. அங்கே இலக்கிய வரலாற்று நூல்களோடு சாமிநாதையரின் என் சரித்திரத்தையும் படிக்கச் சொல்வேன். அது தேர்வு நூல் அன்று என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் மேலே மாயூரம், கும்பகோணம் பற்றிச் சொன்னவற்றுள் பெரும்பகுதி அதிலிருந்தே கிடைத்தது. எந்தக் கையேடும் இவ்வளவு பெயர்களை இவ்வளவு இயல்பாக நினைவில் நிறுத்துவதில்லை.

குறிப்பெடுக்கும்போது ஒரு தாளுக்கு ஓர் ஊர் அல்லது ஓர் ஆசிரிய மாணவ மரபு என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுகளை மட்டும் தனித்தாளில் ஏறுவரிசையில் எழுதி, புதிதாக ஒரு நூலைப் படிக்கும்போதெல்லாம் அதன் இடத்தில் செருகுங்கள். பாடல் எண்ணிக்கைகளிலும் ஆண்டுகளிலும் பழைய, புதிய பாடநூல்களும் வெளியார் கையேடுகளும் முரண்படும் இடங்கள் உண்டு. அங்கே நூலின் வகுப்பையும் பக்க எண்ணையும் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும். தேர்வுக்குப் பின் ஆணையம் உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு மறுப்புகளைக் கோரும்போது, குறித்த நாட்களுக்குள் சான்றுடன் விண்ணப்பிக்க அந்தப் பக்க எண்கள்தான் தேவைப்படும்.