பென்சில் பெட்டி

மூன்றாவது முறையாக என் மகனின் பென்சில் பெட்டி உடைந்து வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முதல் இரண்டு முறையும் "பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா?" என்று அவனைத்தான் திட்டினேன். அன்று மூடியின் உட்புறம் பேனாவால் 'குண்டன்' என்று எழுதியிருந்தது. எச்சில் தொட்டு அழிக்கப் பார்த்த தடம் நீலமாகப் படர்ந்திருந்தது.

"நீயும் திருப்பிக் கொடுடா" என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். பள்ளியில் பிள்ளைகள் சக பிள்ளையைச் சீண்டித் துன்புறுத்துவதை 1970களிலேயே ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ், இத்தகைய சீண்டலுக்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு தரப்பின் பலமும் சமமாக இல்லாதது. மூன்றாவதுதான் முக்கியம். பலம் சமமாக இருந்திருந்தால் அவனே பார்த்துக்கொண்டிருப்பானே! நான்கு பேருக்கு எதிரே ஒருவனைத் திருப்பி அடிக்கச் சொல்வது வீரமா, கைகழுவலா?

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். இருட்டில் பிள்ளைகளுக்குப் பேச்சு எளிதாக வருகிறது. முகம் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. குறுக்கே பேசாமல் கேட்டேன் (என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று புரியும்). பிறகு என்று, எங்கே, யார், யாரெல்லாம் பார்த்தார்கள் என இருவருமாக ஒரு தாளில் எழுதினோம். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் வகுப்பு ஆசிரியரிடம் போனேன். அந்தப் பையன்களின் பெற்றோரிடம் நேரே போகவில்லை. பெரியவர்கள் சண்டை போட்டால் அதன் வினை மறுநாள் பிள்ளை தலையில்தான் விடியும்.

ஆசிரியர் "விளையாட்டுதானே" என்றுதான் தொடங்கினார். தாளை நீட்டினேன். படித்துவிட்டு, எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.