ரோடு பைக்: பெட்டியில் வருவதும் கடையில் நிற்பதும்

ஒரே மாடல் ரோடு பைக் (வளைந்த ஹேண்டில், ஒல்லி டயர் வைத்த வேக சைக்கிள்) ஆன்லைனில் சில ஆயிரம் குறைவாகத் தெரிந்தால் மனசு அந்தப் பக்கம்தான் சாயும். ஆனால் கடையில் நிற்பது சைக்கிள். கூரியரில் வருவது "85 சதவீதம் அசெம்பிள் செய்யப்பட்டது" என்று எழுதிய அட்டைப்பெட்டி. மீதி 15 சதவீதத்தில்தான் ஹேண்டில்பார், முன்சக்கரம், பெடல், பிரேக் செட்டிங், கியர் செட்டிங் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

முதலில் அளவு. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே சீட்டு அழுத்துவதுபோல மேலே இழுத்துப் பிடியுங்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்து 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடல்களைத் தாங்கிச் சுழலும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். 78 செ.மீ. என்றால் 68.9 செ.மீ. சீட்டு உயரத்துக்கு இது போதும், ஃபிரேமுக்குப் போதாது. ஃபிரேமுக்கு ஸ்டேக், ரீச் என்று இரண்டு எண்கள் பார்க்க வேண்டும். கிராங்கின் நடுவிலிருந்து ஹெட் டியூபின் (ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேமின் முன்குழாய்) உச்சி எவ்வளவு மேலே என்பது ஸ்டேக், எவ்வளவு முன்னே என்பது ரீச். ஒரு பிராண்டின் 'எம்' இன்னொரு பிராண்டின் 'எஸ்' அளவில் இருக்கும் என்பதால் எழுத்தை நம்பாதீர்கள். ரீச் கொஞ்சம் கூடிப்போனால் ஸ்டெம்மை (ஹேண்டில்பாரை வண்டியின் முன்பக்கத்தோடு இணைக்கும் துண்டு) 10, 20 மி.மீ. குட்டையாக மாற்றிச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் கழுத்து பிடித்துக்கொள்ளும், உள்ளங்கை மரத்துப்போகும். உங்களுக்குப் பொருந்தும் ஸ்டேக்கும் ரீச்சும் தெரியாமல் ஆன்லைனில் ரோடு பைக் வாங்கவே கூடாது என்பேன்.

அடுத்தது பெட்டியைத் திறந்தபின் செய்யும் வேலை. 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, 15 மி.மீ. பெடல் ஸ்பானர், கிரீஸ், முடிந்தால் ஒரு டார்க் ரெஞ்சு (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) வேண்டும். அதிகம் கெட்டுப்போவது இடது பெடல். அதன் மரை எதிர்ப்பக்கமாக வெட்டியது. வழக்கம்போல வலப்பக்கம் முறுக்கினால் ஏறாது. பலம் கொடுத்தால் பெடலின் இரும்பு அச்சு கிராங்கின் அலுமினிய மரையைத் தின்றுவிடும், அந்தக் கிராங்கையே மாற்ற வேண்டி வரும். குழப்பமே வேண்டாம்: இரண்டு பெடலுக்கும் ஸ்பானரை மேல்நோக்கி மாட்டி முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும். மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள்.

பெட்டியில் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) பின்பக்கம் திரும்பிக் கிடக்கலாம். அப்படியே சக்கரம் மாட்டி ஓட்டுபவர்களும் உண்டு. ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிப்பது) என்றால் முன்பிரேக் ஃபோர்க்குக்கு முன்னால் இருக்க வேண்டும். ஸ்டெம்மின் மேல்மூடி போல்ட் ஹேண்டிலைப் பிடித்து வைப்பதில்லை, ஹெட்செட்டின் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) ஆட்டத்தை மட்டும் எடுக்கிறது. அதனால் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடியை ஆட்டம் போகும்வரை மட்டும் முறுக்கி, ஸ்டெம்மைச் சக்கரத்துக்கு நேராக்கி, பிறகு பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருக்கும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஹெட்செட்டில் 'டக்' என்று தட்டினால் இன்னும் ஆட்டம் இருக்கிறது. ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் மாட்டும்வரை பிரேக் லிவரைத் தொடாதீர்கள். பிஸ்டன் வெளியே வந்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத சேதம் ஹேங்கரில்தான். பின் டீரெய்லரை (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) ஃபிரேமோடு இணைக்கும் விரலளவு அலுமினியத் துண்டு அது. ஃபிரேம் தப்பிக்க வேண்டும் என்றே மென்மையாகச் செய்திருப்பார்கள். பெட்டி வலப்பக்கமாக விழுந்தால் அது உள்ளே வளையும். பின்னால் குனிந்து பாருங்கள்: டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் கேசட் (பின்சக்கரப் பல்சக்கரங்களின் அடுக்கு) பல்லுக்கு நேர்கோட்டில் தொங்க வேண்டும். வளைந்திருப்பது தெரியாமல் மேட்டில் பெரிய பல்லுக்கு மாற்றினால் டீரெய்லர் போக்ஸ் கம்பிக்குள் போய்விடும். அதோடு டீரெய்லர், ஹேங்கர், சில கம்பிகள் எல்லாம் போகும். ஓட்டுவதற்கு முன் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றி எல்லா கியரும் பாருங்கள். ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறு. ஆர்டர் போடும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

ஆன்லைன் விவரப்பட்டியலில் "ஷிமானோ கியர்" என்று மட்டும் இருந்தால், ஷிமானோவாக இருப்பது பின் டீரெய்லர் ஒன்றுமட்டுமாகவும் இருக்கலாம். ஷிஃப்டர் (கியர் மாற்றும் லிவர்), கிராங்க், கேசட் என்ன என்று தனித்தனியாகத் தேடுங்கள். ஷிமானோவின் ரோடு பைக் கியர் வரிசைகளில் கிளாரிஸ் என்றால் பின்னால் 8 பல்சக்கரம், சோரா 9, டியாக்ரா 10. கேசட்டா, மரையில் ஏற்றும் ஃப்ரீவீலா என்பதையும் பாருங்கள். ஃப்ரீவீல் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) வலப்பக்க பேரிங் வெகு உள்ளே இருப்பதால், குண்டும்குழியுமான ரோட்டில் பின் அச்சு வளையலாம்.

இதெல்லாம் கடையில் பார்த்துத் தருவார்களா? நல்ல கடையில் தருவார்கள். பெண்டு எடுத்து, கேபிள் இழுத்து, அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க விடுவார்கள். முதல் 100, 200 கிலோமீட்டரில் கேபிள் கொஞ்சம் தளர்ந்து கியர் கடகடக்கும். முதல் சர்வீஸில் அதைச் சரிசெய்து தருவார்கள். வீட்டில் என்றால் பேரல் அட்ஜஸ்டரை (பின் டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகு) கால் சுற்று இடப்பக்கம் திருப்ப வேண்டும். கடையிலும் ஒரு தொல்லை உண்டு: ஸ்டாக்கில் இருக்கும் அளவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். "சீட்டை இறக்கிக்கலாம் சார், சரியாயிடும்" என்றால் நம்பாதீர்கள். சீட்டை இறக்குவதால் ரீச் குறையாது. புத்தகம் வைத்து அளந்த எண்ணோடு, தெரிந்தால் ஸ்டேக், ரீச் எண்களையும் கையோடு கொண்டுபோங்கள். விலைச்சீட்டையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, பழைய ஸ்டாக்கில் பழைய விலையே ஒட்டியிருக்கலாம்.

முதல் ரோடு பைக் என்றால் கடையில் வாங்குங்கள். இரண்டாவதற்கு ஆன்லைன் போகலாம். டெகத்லானில் ஆன்லைனில் ஆர்டர் போட்டு ஸ்டோரிலேயே எடுத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது.

எங்கே வாங்கினாலும் பிரெஸ்டா வால்வு (ஒல்லியான காற்று வால்வு) வைத்த 700சி (ரோடு பைக் சக்கர அளவு) டியூப் இரண்டும், அந்த வால்வுக்கான சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். தெருமுனை சைக்கிள் கடையில் இந்த டியூப் கிடைப்பது அரிது. அடாப்டர் இல்லாமல் பெட்ரோல் பங்கில் காற்றும் ஏறாது. ஃபிரேம் எண் பெரும்பாலும் கிராங்குக்கு அடியில் வெட்டியிருக்கும். வண்டியைக் கவிழ்த்துப் பார்த்து, அதே எண் பில்லில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வாரண்டி கேட்கப் போகும் நாளில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.